ஏற்காடு மலைல வண்டிய ஏத்தி எறக்குறது எப்படி (கியர் வண்டி, ஆட்டோமேட்டிக், கரண்டு வண்டி எல்லாத்துக்கும்)

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஏற்காடு அடிவாரம் செக்போஸ்ட் கிட்ட போய் சும்மா நின்னு பாருங்க. வண்டி வரிசையா எறங்கி வரும், கூடவே ஒரு நெடி வரும், மூக்குல ஏறுனா ரெண்டு நிமிஷம் போகாது, பிரேக் பேடு கருகுற நெடி தான் அது. பாத்தா போன மாசம் டெலிவரி எடுத்த மாதிரி பளபளன்னு இருக்கும், ஆறு ஏர்பேக், மேல கண்ணாடிக் கூரை, உள்ள டிவி சைஸுக்கு ஸ்க்ரீன், ஆனா முன் சக்கரத்துல இருந்து லேசா பொகை வந்துட்டு இருக்கும். ஓட்டுனவருக்கு அது தெரியவே தெரியாது, ஏன்னா ஸ்க்ரீன்ல பிரேக் சூடு காட்டுற மாதிரி எதுவும் இல்ல.

நான் கத்துக்கிட்டது அப்பாவோட மாருதி 800ல. அப்ப பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, ஹில் ஹோல்டுனா என்னன்னே தெரியாது. அதுக்காக "அந்தக் காலத்து வண்டி தான் வண்டி"ன்னு சொல்ற கோஷ்டில நான் இல்லீங்க. எங்க செட்டுல பாதிப் பேர் அந்த கோஷ்டி தான், தட்டுவடை செட் கடையில நின்னா ஒரு மணி நேரத்துக்கு இதே பஞ்சாயத்து, ஸ்டியரிங்ல ஃபீல் இல்ல, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பண்ணுது, டிரைவருக்கு வேலையே இல்லன்னு. நான் சொல்றது ஒண்ணு தான், டிரைவருக்கு வேலை இல்லன்னு தோணுச்சுனா ஏற்காட்டுல இருந்து கீழ எறங்கி வாங்க. 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் வேலை இருக்கு.

மொதல்ல கணக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க, மீதி எல்லாம் இதுல இருந்து தான் வருது. சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஏற்காடு 1500 மீட்டர் கிட்ட. அப்ப 1200 மீட்டர் ஏறுறோம். நாலு பேரோட வண்டி 1500 கிலோன்னு வச்சுக்கிட்டா அத்தன எடைய அவ்ளோ உயரம் தூக்குறதுக்கு கிட்டத்தட்ட 5 யூனிட் ஆகும், ஆமாங்க, கரண்டு பில்லுல வருதே அதே யூனிட். ஏறும்போது இத எஞ்சின் குடுத்துருது, சரி. எறங்கும்போது இந்த 5 யூனிட்டும் எங்கயாவது போய் ஆகணும்ல? கால்வாசிய டயரும் காத்தும் எடுத்துக்கும். மிச்சத்த எஞ்சின் கிட்ட குடுக்கல, மோட்டார் கிட்ட குடுக்கலனா மொத்தமும் பிரேக் டிஸ்குல சூடா போய் நிக்கும். அந்த 5 யூனிட்டும் சூடா மாறுனா 60 லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கலாம். அஞ்சு பக்கெட் வெந்நீர். அத உள்ளங்கை சைஸ் பேடு தாங்கணும்னு நாம எதிர்பாக்குறோம்.

பழைய லாரி டிரைவருங்க இத கணக்கு போடாமயே சொல்லிட்டாங்க, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு. கியர் வண்டி வச்சிருக்கவங்க இத ஒண்ண மட்டும் ஞாபகம் வச்சிருந்தா போதும்.

கெளம்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரொம்ப இல்ல. டயர் காத்து, ஸ்டெப்னி, கூலண்ட் அளவு. ஆனா பிரேக் ஆயில மட்டும் யாரும் கண்டுக்கிறது இல்ல, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும். டாட் 4ங்கிற ரகம்னா புது ஆயில் 230 டிகிரி தாண்டி தான் கொதிக்கணும், ஈரம் ஏறுனதுக்கு அப்புறம் அந்த அளவு 155 வரைக்கும் எறங்கலாம். டாட் 3ன்னா இன்னும் கம்மி, 140. கொதிச்சா குழாய்ல ஆவி, ஆவிய அமுக்குனா அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. சர்வீஸ்ல கேட்டா "நல்லாத்தான் சார் இருக்கு"ன்னுவாங்க, பாட்டில்ல அளவு இருக்குன்னு தான் அவங்க சொல்றாங்க, ஈரத்த அளந்தாங்களான்னு கேளுங்க.

கோரிமேடு தாண்டி அடிவாரத்துல இருந்து ஏத்தம் ஆரம்பிச்சா, நம்பர் போட்ட போர்டு ஒவ்வொரு வளைவுலயும் வரும், ஏற ஏற நம்பரும் ஏறும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடியே கியர எறக்கிருங்க, வளைவுக்குள்ள போய் வண்டி திணற ஆரம்பிச்சப்புறம் கிளட்ச மிதிச்சு கியர் தேடுனா அங்கேயே நின்னுரும், பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிப்பான், பதட்டத்துல ஆஃப் ஆயிரும், அப்புறம் முழு குடும்பமும் உங்களையே பாக்கும். சின்ன எஞ்சின், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டினா கூச்சப்படாம ஃபர்ஸ்ட் போடுங்க. மேல போகப் போக காத்து கொறையும், 1500 மீட்டர்ல டர்போ இல்லாத வண்டிக்கு பவர்ல 15 சதவீதம் கிட்ட காணாம போயிரும், உங்க வண்டில கோளாறு எதுவும் இல்ல. ஏசிய நிறுத்துனா வித்தியாசம் தெரியும், சேலம் வெயிலுக்கு அது கொடுமை தான், ஆனா ஏழெட்டு வளைவு தாண்டுனாலே கண்ணாடிய எறக்கிக்கலாம்.

எடப்பக்கம் திரும்புற வளைவுல உள்ஓரம் தான் ரொம்ப செங்குத்து, அந்த ஓரத்த ஒட்டி போனா வண்டி இழுக்காது, நம்ம லேனுக்குள்ளயே கொஞ்சம் வெளியில தள்ளி போங்க. மேல இருந்து பஸ் வர்றது தெரிஞ்சா வளைவுக்கு முன்னாடியே நின்னுருங்க, அவனுக்கு ரோடு முழுசும் வேணும். ஏறுற வண்டிக்கு தான் எறங்குற வண்டி வழி விடணும்னு சட்டமே இருக்கு, சரி தான், ஆனா பாதி திரும்புன பஸ்ஸு கிட்ட சட்டம் பேசி என்ன பண்ண.

ஏத்தத்துல நின்னு எடுக்கிறதுக்கு ஹில் ஹோல்டு அருமையான விஷயம், இதக் கண்டுபுடிச்சவனுக்கு கோயில் கட்டலாம். ஆனா அது ரெண்டு செகண்டு தான் புடிக்கும், ரெண்டாவது செகண்டுல செல்ஃபி எடுத்துட்டு இருந்தா வண்டி பின்னாடி போகும். அது இல்லாத வண்டினா ஹேண்ட்பிரேக் தான், இழுத்துட்டு, கிளட்ச் புடிக்கிற எடம் வந்து வண்டி மூக்கு லேசா தூக்குனதும் விடுங்க. அரை கிளட்ச்லயே வண்டிய நிறுத்தி வைக்காதீங்க, மே மாசம் கோடை விழா சமயத்துல 60 அடி பாலம் பக்கம் நின்னீங்கனா அந்த கிளட்ச் நெடியும் கிடைக்கும்.

ஆட்டோமேட்டிக்குனு பொதுவா சொல்றோம், ஆனா அதுல நாலு ஜாதி இருக்கு, மலைல ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. ஏஎம்டி எங்க செட்டுல எல்லாரும் கிண்டல் பண்றது, தலையாட்டி பொம்மைன்னு பேரு. என்னைக் கேட்டா அது மேல அநியாயமா பழி போடுறாங்க, அது சாதா கியர் பாக்ஸ் தான், உங்களுக்கு பதிலா ஒரு சின்ன மோட்டார் கிளட்ச மிதிக்குது, அவ்ளோ தான். வளைவுக்கு முன்னாடி மேனுவல் மோடுக்கு தள்ளி ஒண்ணாவதுலயோ ரெண்டாவதுலயோ வச்சிட்டா சமத்தா ஏறும், "டி"ல (டிரைவ்) விட்டா தான் வளைவு நடுவுல "எத போடலாம்"னு யோசிக்கும். சிவிடி, அதாவது கியர் படியே இல்லாம பெல்ட்டுல ஓடுறது, அதுல Lன்னோ Bன்னோ Sன்னோ ஒரு எழுத்து இருக்கும், எறங்கும்போது அது தான் உங்க எஞ்சின் பிரேக், நெறைய பேர் வாங்குன நாள்ல இருந்து அத தொட்டதே இல்ல. டார்க் கன்வெர்ட்டர் வண்டி (கிளட்ச்சுக்கு பதிலா ஆயில் வழியா இழுவைய கடத்துறது) மலைக்கு ரொம்ப தோது, ஏத்தத்துல ஊர்ந்து போனாலும் அலட்டிக்காது.

டூயல் கிளட்ச், அதாவது ரெண்டு கிளட்ச் மாத்தி மாத்தி கியர் போடுறது, அந்த விஷயம் தான் கொஞ்சம் ஜாக்கிரத. நேரா போனா அத மாதிரி சொகம் கிடையாது, ஆனா ஏத்தத்துல டிராஃபிக்ல ஊர்ந்தா கிளட்ச் சூடாகும், அதுலயும் உலர் கிளட்ச் இருக்கிற வண்டினா சீக்கிரம். சித்தப்பா பையன் ஒருத்தன் போன வருஷம் பொங்கல் லீவுல மேல போனான், ஒண்டிக்கடைக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி இருந்தே நெரிசல், ஒரு அடி நகருறது நிக்கிறது ஒரு அடி நகருறதுன்னு இருபது நிமிஷம், டக்குனு ஸ்க்ரீன்ல சிவப்பா எழுத்து, கியர்பாக்ஸ் சூடு வண்டிய நிறுத்துங்கன்னு. எனக்கு போன் பண்றான், "அண்ணா தீ புடிக்குமாண்ணா?" இல்லடா, ஓரமா போட்டு பார்க்குல வச்சிட்டு எஞ்சின ஓட விடுன்னேன், பதினஞ்சு நிமிஷத்துல எழுத்து போயிருச்சு. இவனுக்கு நான் சொன்னது தான் உங்களுக்கும், முன்னாடி வண்டி ஒரு அடி நகந்தா நாமளும் நகரணும்னு இல்ல, ரெண்டு மூணு வண்டி நீளத்துக்கு இடம் விழட்டும், அப்புறம் ஒரே மூச்சா போய் நில்லுங்க, ஆக்சிலேட்டர்லயே வண்டிய புடிச்சு வைக்காம பிரேக்க மிதிச்சு நில்லுங்க. நடுவுல எவனாவது பைக்ல நுழைவான், நுழையட்டும்.

இப்ப எறக்கம். இதுக்குத்தான் இவ்ளோ எழுதுறேன்.

மொத வளைவுக்கு முன்னாடியே, வேகம் கம்மியா இருக்கும்போதே ரெண்டாவது கியர் போட்டுருங்க. எஞ்சின் சத்தம் ஏறும், மூவாயிரம் ஆர்பிஎம் போகும், பயப்படாதீங்க, அது உறுமிட்டு இருந்தா உங்க வேலைய அது செய்யுதுன்னு அர்த்தம். பிரேக் மேல காலை மெத்துனு வச்சுக்கிட்டே வர்றது தான் பெரிய தப்பு. நேர் ரோட்டுல வண்டி நேரா இருக்கும்போது நல்லா அழுத்தி மிதிச்சு வேகத்த கொறச்சிட்டு முழுசா விட்டுருங்க, அடுத்த மிதி வரைக்கும் டிஸ்குக்கு காத்து கிடைக்கும். வளைவுக்குள்ள போனதுக்கு அப்புறம் பிரேக் மிதிச்சா எடை முழுக்க முன்னாடி போய் பின் சக்கரம் லேசாயிரும், மழையில அது வேற மாதிரி முடியும். மலைய பொறுத்தவரைக்கும் வண்டியோட எடை எந்தப் பக்கம் சாயுதுங்கிறது உங்க கால்ல தான் இருக்கு.

நியூட்ரல்ல போட்டு உருட்டுனா பெட்ரோல் மிச்சம்னு இன்னும் நம்புறவங்க இருக்காங்க, எங்க மாமா ஒருத்தர் சாவியவே அணைச்சிட்டு எறங்குவாரு. கார்ப்பரேட்டர் காலத்துல அதுல கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இப்ப வர்ற இன்ஜெக்ஷன் வண்டி எல்லாம் கியர்ல இருந்து ஆக்சிலேட்டர விட்டா பெட்ரோல சுத்தமா நிறுத்திரும், சக்கரம் தான் எஞ்சின சுத்துது. நியூட்ரல்ல போட்டா தான் ஐடில்ல ஓடுறதுக்கு பெட்ரோல் குடிக்கும். சாவிய அணைச்சா பிரேக்குக்கு உதவி பண்ற வேக்குவம் ரெண்டு மூணு மிதியில தீந்துரும், ஸ்டியரிங்கும் கல்லாயிரும். மாமா கிட்ட இத சொன்னேன், "உனக்கு முன்னாடி நான் மலை ஏறுனவன்டா"ன்னாரு. ஏறுனீங்க மாமா, பேச்சு எறங்குறத பத்தி.

ஹீல் அண்ட் டோ பத்தி தம்பிங்க கேக்குறாங்க, வீடியோல பாத்துட்டு. பெருவிரல் பக்கம் பிரேக்குல இருக்கும்போதே காலோட மறுபக்கத்தால ஆக்சிலேட்டர ஒரு தட்டு தட்டி, எஞ்சின் வேகத்த ஏத்தி, கியர எறக்குறது. அழகான வித்தை தான், ஆனா இன்னிக்கு நெறைய வண்டில பிரேக் மிதிச்சா ஆக்சிலேட்டர கம்ப்யூட்டர் கட் பண்ணிரும், நீங்க தட்டுனாலும் அதுக்கு காது கேக்காது. ஏற்காட்டுக்கு அது தேவையும் இல்ல. மொதல்ல பிரேக், அத விட்டுட்டு கிளட்ச், ஒரு தட்டு, கியர், கிளட்ச மெதுவா விடு, இது போதும், குலுங்காம எறங்கும், பின்சீட்டுல இருக்கிற குழந்தை வாந்தி எடுக்காது.

கரண்டு வண்டிக்காரங்களுக்கு. இத சொன்னா எங்க செட்டுல அடிப்பாங்க, ஆனா சேலம் ஏற்காடு ரோட்டுக்கு இதவிட தோதான வண்டி கிடையாது. காத்து கொறஞ்சா பவர் கொறையாது, கியர் பிரச்சன இல்ல, எறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டரா மாறி பிரேக் புடிக்கும், ஏத்தத்துக்குன்னு செலவான அந்த 5 யூனிட்ல பாதிக்கு கிட்ட பேட்டரிக்கே திரும்பி வரும். ரீஜென்ன (மோட்டார் புடிக்கிற அந்த பிரேக்க) கூட்டி வச்சா பிரேக் பெடல தொடாமலே பல வளைவு எறங்கலாம். ஒரே ஒரு கண்ணி இருக்கு. மேல ரூம் போட்டு ராத்திரி பூரா சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஏத்திட்டு காலைல எறங்குனீங்கனா, பேட்டரில எடமே இல்ல, திரும்பி வர்ற கரண்ட எங்க கொட்டும்? ரீஜென் வேலை செய்யாது, இல்லனா ரொம்ப கம்மியா செய்யும், எடையோ பெட்ரோல் வண்டியவிட அதிகம், எஞ்சின் பிரேக்கும் கிடையாது. 80ல நிறுத்திருங்க.

கேமரா ரேடார் வச்ச வண்டில லேன் அசிஸ்ட்ட அடிவாரத்துலயே அணைச்சிருங்க. அது வெள்ளக்கோட்ட தேடும், கோடு ஒரு எடத்துல இருக்கும் ஒரு எடத்துல இருக்காது, வளைவுல நீங்க ஒரு பக்கம் திருப்ப அது ஒரு பக்கம் இழுக்கும். தானா பிரேக் அடிக்கிறதும் எதிர்ல பஸ் மூக்கு திரும்பும்போது பயந்து அடிக்கலாம், பின்னாடி வர்றவன் அத எதிர்பாக்க மாட்டான். ஆனா ஈஎஸ்பிய (வண்டி வழுக்கி சுத்தாம பாத்துக்கிறது) மட்டும் அணைக்காதீங்க, "ஈஎஸ்பி ஆஃப் பண்ணா தான் மச்சி டிரைவிங்"னு ஒருத்தன் சொல்வான், அவன் பின்னாடி போகாதீங்க. மேல பனி எறங்குற நேரத்துல கண்ணாடி உள்பக்கம் வேர்க்கும், அதுக்கு ஏசிய போட்டு முன்கண்ணாடிக்கு திருப்பணும், இப்ப அந்த பட்டன் எல்லாம் ஸ்க்ரீனுக்குள்ள மூணாவது பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க, எது எங்க இருக்குன்னு வீட்டு வாசல்லயே பாத்துட்டு வாங்க. ஐரோப்பாவுல யூரோ என்கேப் 2026ல இருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் மாதிரி விஷயத்துக்கு நிஜ பட்டன் இல்லனா முழு மார்க் இல்லன்னு சொல்லிருச்சு. நம்மூருக்கும் அந்த புத்தி வந்தா தேவல. எஞ்சின் சூடு காட்டுற டெம்பரேச்சர் முள்ளயும் நெறைய வண்டில தூக்கிட்டாங்க, இப்ப நேரா சிவப்பு லைட் தான், கொதிச்சதுக்கு அப்புறம் சொல்றதுக்கு அது எதுக்கு.

கருகுற நெடி வந்துருச்சுனா, இல்ல பெடல் ஆழமா போற மாதிரி இருந்துச்சுனா, அடுத்த அகலமான எடத்துல நிறுத்திருங்க. பிரேக்குல தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல இருக்கிற டிஸ்கு வளைஞ்சுரும், விரிசலும் விடலாம். ஹேண்ட்பிரேக்க நம்பாம கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு வைங்க, அரை மணி நேரம் குரங்க வேடிக்கை பாருங்க, பிஸ்கட் போடாதீங்க. கெளம்பும்போது அந்த கல்ல எடுத்து ஓரமா போட்டுட்டு போங்க புண்ணியமா போகும், நடு ரோட்டுல விட்ட கல்லுல ராத்திரி பைக்ல வர்றவன் விழுறான். ஓடிட்டு இருக்கும்போதே பிரேக் சுத்தமா போச்சுன்னா கியர ஒவ்வொண்ணா எறக்கி, பெடல வேகமா அமுக்கி அமுக்கி விட்டு, ஹேண்ட்பிரேக்க பட்டன் புடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப் பக்கம் இருக்கிற கால்வாய்ல சாய்ச்சிருங்க. பள்ளத்துப் பக்கம் வேண்டாம், பெயிண்ட் போனா போகட்டும்.

குப்பனூர் வழிய பத்தி ஒரு வார்த்தை. கொட்டச்சேடு பக்கமா எறங்குற ரோடு, வளைவு கம்மின்னு சொல்லி அனுப்புவாங்க, கூட்டமான நாள்ல போலீஸே ஒரு வழியா அதுல திருப்பி விடும். வளைவு கம்மின்னா எறக்கம் நேரா நீளமா இருக்குன்னு அர்த்தம், பிரேக்குக்கு ஓய்வே கிடைக்காது. அங்க கியர் இன்னும் ஒண்ணு கம்மியா வைங்க. மழைக்காலத்துல ரெண்டு ரோட்டுலயும் மண்ணு சரியும், 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில பட்டதுக்கு அப்புறமாவது விசாரிச்சுட்டு கெளம்புங்க.

ஸ்பீடு வேணும்கிற தம்பிங்களுக்கு தனியா. 2025 ஜனவரியில அஜித்தோட டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவங்க பிரிவுல மூணாவது வந்ததுல இருந்து மலை ரோட்டுல ரேஸ் ஸ்டிக்கர் ஒட்டுன வண்டி ஜாஸ்தி ஆயிருச்சு. அவரு ஓட்டுனது டிராக்குல தம்பி, எதிர்ல பால் வண்டி வராத எடம். கோயமுத்தூர் செட்டிப்பாளையத்துல கரி ஸ்பீட்வே இருக்கு, காலைல கெளம்புனா மத்தியான சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம், 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டுன மொத இந்தியர் நரேன் கார்த்திகேயன் அந்த ஊரு தான். இருங்காட்டுக்கோட்டைல மெட்ராஸ் டிராக் இருக்கு. ஓட்ட காசு இல்லனா மார்ஷலா போங்க, நான் ஒரு சீசன் நின்னுருக்கேன். வெயில்ல கொடி புடிச்சுட்டு நிக்கணும், மஞ்சள் காட்டுனா ஓவர்டேக் இல்ல, சிவப்பு காட்டுனா ரேஸ் நிறுத்தம், நீலம்னா பின்னாடி வேகமான வண்டி வருது வழி விடு. மத்தியானம் பொட்டலம் சாப்பாடு. ஆனா டிரைவர் எந்த எடத்துல பிரேக் மிதிக்கிறான், எங்க விடுறான்னு பத்தடி தூரத்துல நின்னு பாக்கலாம், அத எந்த வீடியோவும் காட்டாது.

அங்க தான் இன்னொண்ணும் பாத்தேன். ரேஸ் முடிஞ்சு கொடி விழுந்ததும் யாரும் டக்குனு நிறுத்தல, ஒரு சுத்து மெதுவா, பிரேக்க அதிகம் தொடாம ஓட்டிட்டு வந்தாங்க. நிறுத்துனதுக்கு அப்புறமும் ஹேண்ட்பிரேக் போடல, சக்கரத்துக்கு கட்டை தான் வச்சாங்க. மெக்கானிக் அண்ணன் கிட்ட கேட்டேன், "சூடா இருக்கிற டிஸ்க பேடு ஒரே எடத்துல கவ்வி நின்னா அந்த எடம் மட்டும் வேற மாதிரி ஆயிரும்பா, அப்புறம் மிதிச்சா ஸ்டியரிங் நடுங்கும்"னாரு. நாம என்ன பண்றோம், 20 வளைவும் எறங்கி அடிவாரம் வந்ததும் டீக்கடைல நிறுத்தி ஹேண்ட்பிரேக்க நறுக்குனு இழுக்கிறோம்.

அதனால அடிவாரத்துல நிக்காதீங்க. கோரிமேடு, அஸ்தம்பட்டின்னு அப்படியே மெதுவா உருட்டிட்டு வந்து அஞ்சு ரோடு பக்கம் டீ குடிங்க. எறங்குனதும் புறங்கைய ஒவ்வொரு சக்கரத்து கிட்டயும் கொண்டு போங்க, தொட வேண்டாம், நாலு விரல் தள்ளி வச்சா போதும். முன்னாடி ரெண்டும் ஒரே மாதிரி கணகணன்னு இருக்கணும், பின்னாடி கொஞ்சம் கம்மி. ஒரு பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி அடிச்சா அந்த சக்கரத்துல காலிப்பர் (பேட டிஸ்குல அழுத்துற கவ்வி) பின்னு சிக்கி இருக்கலாம், பேடு விடாம தேய்ச்சுட்டே வந்திருக்கு. எந்தப் பக்கம்னு போன்ல குறிச்சு வச்சுக்கிட்டு திங்கக்கிழமை மெக்கானிக் கிட்ட காட்டுங்க, "பிரேக் செக் பண்ணுங்க"ன்னு பொதுவா சொன்னா பேட பாத்துட்டு அனுப்பிருவாரு, எடப்பக்கம் முன் சக்கரம் மட்டும் சூடுன்னு சொல்லுங்க.